சர்க்கரை கூடியதா, குறைந்ததா?

‘சர்க்கரைக்காரர் மயங்கி விழுந்தால் சர்க்கரை ஏறியிருக்கும்.’

பெரும்பாலும் நேர்மாறு. கூடிய சர்க்கரை மணிக்கணக்கில், நாள்கணக்கில் தாகமும் சோர்வுமாக வளரும். நிமிடங்களில் ஆளைச் சாய்ப்பது குறைந்துபோன சர்க்கரைதான். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், காரணமில்லாமல் எரிந்து விழுவார், பேச்சு குழறும். குடித்திருக்கிறார் என்று ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு. பக்கவாதம் என்று பதறுவதும் உண்டு. அவசரப் பிரிவில் நினைவு தப்பி வருகிறவருக்கு உடனே விரல் நுனியில் குத்திப் பார்ப்பது இதனால்தான். 70 மி.கி.க்குக் கீழே போனால் குறைவு. வீட்டில் கருவி இல்லையென்றால், விழுங்கக்கூடியவருக்குக் குறைந்துவிட்டதாகவே எண்ணி இனிப்பு கொடுங்கள். சர்க்கரை 400 இருந்தால்கூட மூன்று தேக்கரண்டி குளுக்கோஸால் பெரிய கேடில்லை. குறைவைக் கவனிக்காமல் விட்டால் மூளை தாங்காது.

‘மயங்கியவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்று.’

கூடவே கூடாது, அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். நினைவோடு இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்ளிபோஸ் சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரையும் மெதுவாகத்தான் வேலை செய்யும். குளுக்கோஸ் தூளே நல்லது.

‘எழுந்து பேசுகிறார், வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்.’

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் இன்சுலின் சுரக்கும்படி கணையத்தை மணிக்கணக்கில் தூண்டிக்கொண்டே இருக்கும். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றியதும் தெளிந்தவர் சில மணி நேரத்தில் மறுபடி விழலாம். சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு இந்த ஆபத்து ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கலாம். ‘இருங்க, பார்க்கணும்’ என்று டாக்டர் சொன்னால், பில்லை ஏற்றத்தான் என்று சந்தேகப்படாதீர்கள்.

‘சாப்பிடாத நாளில் இன்சுலின் எதற்கு?’

எனக்கு மிகவும் அச்சம் தருவது இதுதான். முதல் வகை நீரிழிவுள்ளவர் காய்ச்சல், வாந்தி என்று இன்சுலினை அடியோடு நிறுத்தினால், உடல் கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் கீட்டோன் அமிலத்தை நிறைக்கும். வயிற்றுவலியும் வாந்தியும் வரும். ‘கேஸ்’ என்று சோடா குடிப்பார்கள். மூச்சு ஆழமாக, வேகமாக வாங்கினால், அதில் பழவாடை அடித்தால், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அளவை டாக்டர் மாற்றலாம். நீங்களாக நிறுத்தக் கூடாது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை 200-க்குள் இருக்கும்போதே இந்த அமிலநிலை வந்துவிடலாம். கருவியின் எண்ணைப் பார்த்து எல்லாரும் ஏமாந்துபோகலாம். ஆகவே மருத்துவமனைக்குக் கிளம்பும்போது மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.