தாங்குவோரையும் தாங்குவோம்

(உரைநடை)

நுழையும்முன்

வீட்டில் முதியவர் ஒருவர் நோயுற்றால் எல்லாரும் அவரைப் பற்றிக் கேட்கிறோம். இரவும் பகலும் அவரைக் கவனித்துக்கொள்பவரைப் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறோம். சொந்த ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் குடும்பங்களில் இச்சுமை மேலும் கூடுகிறது. அதனைப் பகிர்ந்துகொள்ளும் வழிகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒரு வீடு

மாணவர்களே! தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள் கொண்ட வீடு. தாத்தா இறந்தபின், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து பாட்டியை அப்பா அழைத்து வந்திருக்கிறார். ஊரில் பாட்டிக்குத் திண்ணை இருந்தது. தெருவில் செல்வோரெல்லாம் அவரிடம் இரண்டு சொல் பேசிவிட்டுச் செல்வர். இங்கே திண்ணை இல்லை. பக்கத்து வீட்டார் அன்புடையவர்கள்தாம். ஆனால் அவர்கள் பேசும் இந்தி பாட்டிக்குப் புரியாது. கம்பளிச் சட்டையும் காலுறையும் அணிந்து பழகாத அவர், மார்கழிக் குளிரில் போர்வைக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறார்.

சில மாதங்களாகப் பாட்டியிடம் ஒரு மாற்றம் தெரிகிறது. உண்டு முடித்த சற்று நேரத்தில், “இன்னும் சாப்பாடு போடவில்லையா?” என்று கேட்கிறார். மாலையானால், “விளக்கு வைக்கும் நேரமாயிற்று, வீட்டுக்குப் போகலாம்” என்று கதவருகே வந்து நிற்கிறார். “அத்தை, இதுதானே நம் வீடு” என்று அம்மா பத்தாவது முறையாகச் சொல்கிறார். இரவில் பாட்டி எழும்போதெல்லாம் அம்மாவும் எழுகிறார். விடிந்ததும் வழக்கம்போல் சமைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார். ஒருநாள் பாட்டியிடம் உரக்கப் பேசிவிட்டு, சமையலறையில் தனியே நின்று அழுகிறார்.

இவ்வீட்டில் குற்றம் யாருடையது? ஒருவருடையதும் அன்று. பாட்டி வேண்டுமென்றே தொல்லை தரவில்லை. அம்மா அன்பில்லாதவரும் அல்லர். பாட்டிக்கு வந்திருப்பது டிமென்ஷியா எனப்படும் மறதிநோயாக இருக்கலாம். அம்மாவுக்கு வந்திருப்பது பெருங்களைப்பு. இருவருக்குமே உதவி தேவை.

மறதியும் மறதிநோயும்

சாவியை வைத்த இடத்தை மறப்பது எல்லார்க்கும் நேர்வது. சாவி எதற்குப் பயன்படும் என்பதே மறந்துபோவது நோயின் அறிகுறி. மறதிநோயின் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோயாகும். 1906ஆம் ஆண்டில் அதனை எடுத்து விளக்கிய செருமானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமரின் பெயரே அந்நோய்க்கு வழங்குகிறது.

இந்நோயில் பெரும்பாலும் அண்மை நிகழ்ச்சிகளே முதலில் மறக்கின்றன. இளமைக்கால நினைவுகள் நெடுநாள் நிலைத்து நிற்கின்றன. ஆதலால்தான் காலையில் உண்டதை மறந்துவிடும் பாட்டி, தம் திருமணத்தன்று பெய்த மழையை மறப்பதில்லை.

தைராய்டுக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி தோன்றும். அவற்றைச் சிகிச்சையால் சரிசெய்ய இயலும். எனவே, ‘வயதாகிவிட்டது’ என்று சொல்லி விட்டுவிடாமல் முதியவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

வீட்டிற்கு வெளியே உள்ள துணை

முதியோருக்கெனத் தனி மருத்துவம் வேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டில் வேரூன்றியதில் தமிழ்நாட்டிற்குச் சிறப்பிடம் உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978ஆம் ஆண்டில் முதியோருக்கான தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. இத்துறையின் முன்னோடியான மருத்துவர் வ.செ. நடராசன் 2012ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். தில்லியில் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்திலும் முதியோர் மருத்துவத் துறை இயங்குகிறது.

நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்துக் கவனிக்கும் முறையும் தில்லியில் உண்டு. 1996ஆம் ஆண்டில் இங்குத் தொடங்கப்பட்ட ‘கேன்சப்போர்ட்’ என்னும் தொண்டு நிறுவனம் புற்றுநோயாளிகளின் வீட்டிற்கே சென்று உதவுகிறது. மருத்துவர், செவிலியர், ஆலோசகர் ஆகியோர் ஒரு குழுவாக வருகின்றனர். வலியைத் தணிப்பதோடு, நோயாளியைக் கவனிப்பவரின் மனக்குறையையும் அக்குழுவினர் கேட்கின்றனர்.

பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பேணுதல் கடமை என்பதை 2007ஆம் ஆண்டுச் சட்டம் வலியுறுத்துகிறது. பிள்ளைகளால் கைவிடப்பட்ட பெற்றோர், பராமரிப்புத் தொகை வேண்டித் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. தில்லிக் காவல்துறையின் மூத்த குடிமக்கள் உதவி எண் 1291. இவ்விரண்டையும் வீட்டில் தொலைபேசி அருகே எழுதி ஒட்டிவையுங்கள்.

தொலைவில் இருப்போர் செய்யக்கூடியது

முதியவர் ஊரிலேயே இருந்தால் என் செய்வது? இதற்கு விடையாக என் அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன்.

2020ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. பயணிகள் இரயில்களும் நின்றுபோயின. அப்போது நான் வடநாட்டில் பணியில் இருந்தேன். ஊரில் என் தாயார் படுக்கையில் இருந்தார். அண்ணிதான் அவரைக் கவனித்துக்கொண்டார். நான் நாள்தோறும் தொலைபேசியில், “மாத்திரை கொடுத்தீர்களா? அம்மா கஞ்சி குடித்தார்களா?” என்று வினவுவேன். ஒருநாள் அண்ணி அமைதியாகச் சொன்னார்: “தம்பி, அத்தையைப் பற்றி எல்லாரும் கேட்கிறீர்கள். நான் சாப்பிட்டேனா என்று ஒருவரும் கேட்கவில்லை.”

அன்றுவரை நான் செய்தது உதவி அன்று, மேற்பார்வை. மறுநாள் முதல் அண்ணியின் நலத்தை முதலில் கேட்டேன். பிற்பகலில் அரைமணி நேரம் அம்மாவுடன் தொலைபேசியில் பேசுவதை என் பங்காக ஏற்றுக்கொண்டேன். அந்த அரைமணி நேரம் அண்ணி கண்ணயர்ந்தார். உதவி சிறியதுதான். எனினும் அது நாள் தவறாமல் கிடைத்தது.

உங்கள் பங்கு

மாணவர்களே! மருந்து கொடுப்பதும் மருத்துவச் செலவைப் பார்ப்பதும் பெரியவர்கள் கடமை. உங்களிடம் உள்ள ஒரு செல்வம் உங்கள் பாட்டிக்கு இந்நகரில் எளிதில் கிடைக்காதது. அதுவே தமிழ்.

மறதிநோயில் பின்னாளில் கற்ற மொழிகள் நழுவினாலும், தாய்மொழி பெரும்பாலும் நெடுநாள் நிற்கும். ஆகவே, பள்ளி முடிந்து வந்ததும் பாட்டியின் அருகே அமர்ந்து தமிழில் பேசுங்கள். “பாட்டி, இதுதான் வீடு” என்று வாதிடுவதைவிட, “ஊரில் நம் வீட்டு வாசலில் என்ன மரம் இருந்தது?” என்று கேளுங்கள். அவர் சொன்னதையே மீண்டும் சொன்னாலும் கேளுங்கள். உங்கள் தமிழில் பிழை இருந்தால் அவர் திருத்துவார். திருத்தும் அந்த நேரத்தில் அவர் நோயாளி அல்லர், உங்கள் ஆசிரியர். நீங்கள் பேசும் அந்நேரத்தில் அம்மாவும் சற்றே ஓய்வு கொள்வார்.

மருத்துவமனையில் பாட்டி தமிழில் கூறுவதை இந்தியில் எடுத்துச் சொல்லவும் உங்களால் இயலும். அவர் கூறியதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுங்கள். அதே வேளையில், உங்களுக்கு அச்சமோ வருத்தமோ தோன்றினால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மறைக்காமல் கூறுங்கள். நீங்களும் தாங்கப்பட வேண்டியவர்களே.

இன்று வீட்டிற்குச் சென்றதும், “பாட்டி எப்படி இருக்கிறார்?” என்று கேட்கும் முன், “அம்மா, நீங்கள் சாப்பிட்டீர்களா?” என்று கேளுங்கள்.

சொற்பொருள்

பேணுதல் – போற்றிப் பாதுகாத்தல்
முடங்கி – சுருண்டு
கண்ணயர்தல் – உறங்குதல்
தீர்ப்பாயம் – வழக்கை ஆய்ந்து முடிவு கூறும் அமைப்பு
வினவுதல் – கேட்டல்

இலக்கணம் அறிவோம்

தாங்குவோர் = தாங்கு + வ் + ஓர்
தாங்கு – பகுதி
வ் – எதிர்கால இடைநிலை
ஓர் – பலர்பால் விகுதி

இச்சொல் தாங்கும் செயலைக் குறிக்காமல், தாங்குகின்ற மக்களைக் குறித்து ‘தாங்குவோரை’ என வேற்றுமை உருபை ஏற்கிறது. ஆதலால் இது வினையாலணையும் பெயர்.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.
1. முதியோருக்கான தேசிய உதவி எண்: (1291 / 14567 / 1978)
2. ‘செல்வோர்’ என்பதைப் பிரித்தால்: (செல் + வ் + ஓர் / செல்வ + ஓர் / செல் + ஓர்)

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. சிறு மறதிக்கும் மறதிநோய்க்கும் உள்ள வேறுபாடு யாது?
2. தில்லியில் பாட்டி இழந்தவை எவை?
3. முதியவரின் மறதியை உடனே மருத்துவரிடம் கூற வேண்டும் என்பது ஏன்?

இ. சுருக்கமாக விடை தருக.
1. ‘உதவி அன்று, மேற்பார்வை’ என ஆசிரியர் தம்மைக் குறித்துக் கூறக் காரணம் என்ன?
2. “அம்மா அன்பில்லாதவரும் அல்லர்” – இக்கூற்றை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் தருக.

ஈ. செயல்பாடு
உங்கள் பாட்டி, தாத்தா அல்லது ஊரிலுள்ள முதியவர் ஒருவரிடம் நேரிலோ தொலைபேசியிலோ பத்து நிமிடம் தமிழில் பேசுக. அவர் கூறிய, நீங்கள் முன்பு அறிந்திராத ஐந்து சொற்களைப் பொருளோடு எழுதி வருக. அவரைக் கவனித்துக்கொள்பவர் யார் என்பதைக் கேட்டறிந்து, அவருக்கு நன்றி கூறி ஒரு கடிதம் எழுதுக.