மின்கருவிகளுக்கு மாற்றுச் சேமக்கலம் தெரிதல்

கோலார் தங்கவயலுக்கு 1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீண்ட அக்கம்பிவழி, அந்நாளில் உலகின் மிக நீண்டவற்றுள் ஒன்றாகும். ஆயினும், மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறையின் முன் நின்ற தொழிலாளியுடன் கம்பி எங்கும் செல்ல இயலாது. இத்தகைய இடர்ப்பாட்டினாலேயே, சேமக்கலத்தை இடுப்பிற் கட்டி விளக்கைத் தலையில் அணியும் முறை சுரங்கங்களிற் பரவிற்று. பணி முடியும்வரை விளக்கு எரியுமா என்பது அங்கு உயிரைப் பொறுத்த வினா.

தங்கவயற் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. ஆனால் அதே வினா இன்று, பட்டறையில் 'பாட்டரி டிரில்' என வழங்கும் கம்பியில்லாத் துளைப்பானைப் பயன்படுத்துவோர் முன் வேறு வடிவில் நிற்கிறது. கருவி நன்றாயிருக்க, சேமக்கலம் மட்டும் நலிந்துவிடுகிறது. அதற்கு ஈடாக எதை வாங்குவது?

முதலிற் காணவேண்டியது வோல்ட்டு அளவு. லித்தியம்-அயனிக் கலம் ஒன்றின் அழுத்தம் 3.6 வோல்ட்டு, ஐந்து கலங்களின் தொடர் அடுக்கு 18 வோல்ட்டு தரும். சில நிறுவனத்தார் அதே ஐந்து கலங்களை '20 வோல்ட்டு உச்சம்' என்று குறிப்பர். அது விற்பனையின் மொழியே. ஆற்றலிற் கூடுதல் இல்லை.

அடுத்தது ஆம்பியர்-மணி. 18 வோல்ட்டு, 2 ஆம்பியர்-மணி அடுக்கு 36 வாட்டு-மணி ஆற்றலை உடையது. 5 ஆம்பியர்-மணியுடையதோ 90 வாட்டு-மணி. பின்னதைப் பொருத்தினால் கருவி கெடுமோ என அஞ்சுவோர் உளர். அச்சம் தேவையில்லை. கருவி தனக்கு வேண்டிய மின்னோட்டத்தையே இழுக்கும். மேலும், பெரிய அடுக்கில் பெரும்பாலும் இரண்டிரண்டு கலங்கள் பக்க அடுக்காக இணைந்திருக்கும். ஒவ்வொரு கலமும் பாதி மின்னோட்டத்தையே தாங்குவதால், கலத்தினுள் தோன்றும் வெப்பம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். எடை மிகும் என்பதே குறை. ஏணிமேல் நின்று கூரையில் துளையிடுவோர்க்கு அது சிறிய குறையன்று.

உண்மையான இடர் கலத்தின் வேதியியலில் உள்ளது. 1961-இல் வெளிவந்த முதற் கம்பியில்லாத் துளைப்பான் நிக்கல்-காட்மியக் கலங்களால் இயங்கிற்று. காட்மியம் நஞ்சாதலின், ஐரோப்பிய ஒன்றியம் இக்கருவிகளில் அதனை 2016-இன் இறுதியோடு விலக்கியது. பழைய கருவிக்கு லித்தியம்-அயனி அடுக்கை வாங்குவோர், பழைய மின்னேற்றியை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. நிக்கல்-காட்மியக் கலம் நிறைந்ததும் அதன் அழுத்தம் சற்றே தாழும். பல மின்னேற்றிகள் அத்தாழ்வைக் கண்டே நிற்கும். லித்தியம்-அயனிக் கலத்தில் அத்தாழ்வு தோன்றாது. மின்னேற்றி நிற்காமற்போக, அழுத்தம் 4.2 வோல்ட்டைக் கடந்து, கலம் வீங்கித் தீப்பற்றவும் கூடும்.

வெப்பமும் கருதத்தக்கது. தங்கவயலின் ஆழ்பாறைகள் 60 பாகை சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட சூடுடையவை. லித்தியம்-அயனிக் கலத்திற்கோ 45 பாகைக்கு மேல் மின்னேற்றுதல் பொதுவாகத் தகாது. கோடையில் தகரக் கூரையடியில் வைத்த அடுக்கு, அல்லது வேலைமுடிந்து சூடாறாத அடுக்கு, அவ்வளவு சூட்டை எளிதில் எட்டும்.

மலிவான அடுக்குகளில் பாதுகாப்பு மின்சுற்று இல்லாதிருத்தலும் உண்டு. ஐ.எஸ். 16046 தர எண்ணும் இந்தியத் தர நிர்ணயப் பதிவெண்ணும் உள்ளனவா என நோக்கி வாங்குதல் நலம். பழைய கலங்களுள் ஒன்றிரண்டை மட்டும் மாற்றித் தருவோரிடம் செல்லலாகாது. தொடர் அடுக்கில் நலிந்த கலம் முதலில் வற்றும்; மற்றவை செலுத்தும் மின்னோட்டத்தால் அதன் துருவங்கள் தலைகீழாகி அழியும்.

கலத்தின் நலிவை வகுப்பில் எளிதிற் காட்டலாம். கைவிளக்கின் பழைய உலர்கலத்தை வோல்ட்டுமானியால் அளந்தால் 1.4 வோல்ட்டு காட்டக்கூடும். சிறு விளக்கை இணைத்து மீண்டும் அளந்தால் முள் வெகுவாகத் தாழும். துளைப்பானின் பழைய அடுக்கும் சும்மா இருக்கையில் நிறைந்ததுபோற் காட்டி, வேலையின்போது சோர்வது இவ்வுள்தடையினாலேயே.

கழித்த அடுக்கின் முனைகளை ஒட்டுநாடாவால் மூடவேண்டும். 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதனை வீட்டுக் குப்பையிற் சேர்க்காது சேகரிப்போரிடம் தனியே ஒப்படைத்தல் வேண்டும்.