பாலியஸ்டருக்கு எதில் பயம்?

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் வந்தது. விளையாட்டு உடைக்கான பாலியஸ்டர் பின்னல் துணியைச் சோதிக்கும் லேபில் சேர்ந்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. ஐஎஸ்ஓ எண்களையும் கருவிகளின் பெயர்களையும் கல்லூரியிலேயே மனப்பாடம் செய்திருப்பாய். அதை நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை. திருப்பூரில் வளர்ந்த நமக்குத் துணி என்றாலே பருத்திதான். இழுத்துப் பார்ப்பதும், நனைத்துச் சுருங்குகிறதா என்று பார்ப்பதும், வெள்ளைத் துணியோடு சேர்த்து அலசிச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதும் நம் கை பருத்தியிடம் பழகியவை. அதே பழக்கத்தோடு செயற்கை இழையைச் சோதிக்க உட்கார்ந்தால், கவலையே வேண்டாத இடத்தில் கவலைப்படுவோம். கவலைப்பட வேண்டிய இடத்தைக் கோட்டைவிடுவோம். எழுத நினைத்தது அதைத்தான்.

பருத்தியைச் சோதிப்பது தண்ணீர். பாலியஸ்டருக்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. 65 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் கிடந்தால் பருத்தி தன் எடையில் ஏழெட்டு சதவீதம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், நைலான் 4 சதவீதம், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். ஈரம் உள்ளே போகாததால் நனைந்தாலும் உப்பாது, வலிமை இழக்காது. அதன் பயமெல்லாம் சூட்டுக்கு. உருகுவது என்னவோ 255–260 டிகிரி செல்சியஸில்தான். ஆனால் 80 டிகிரியை நெருங்கும்போதே உள்ளே இறுகிக் கிடந்த மூலக்கூறுச் சங்கிலிகள் அசையத் தொடங்கிவிடும். துணியின் அளவு மாறுவதும் சாயம் உள்ளே போவதும் வெளியே வருவதும் அதற்குப் பிறகுதான். ஒரு பாலியஸ்டர் ரோல் உன் மேஜைக்கு வந்தால், அது இதுவரை எந்தெந்தச் சூட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது, இனி எதைப் பார்க்கப்போகிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்.

அதற்கும் முன்னால், வந்திருப்பது பாலியஸ்டர்தானா என்று பார். பில்லில் எழுதியிருப்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதே. இடுக்கியில் சில நூல்களைப் பிடித்துச் சுடர் அருகே கொண்டுபோனால் பாலியஸ்டர் சுருங்கி விலகும், உருகும், கரும்புகை விட்டு எரியும், ஆறியதும் நசுக்க முடியாத கெட்டி மணியாக நிற்கும். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். நைலானும் உருகி மணியாகத்தான் நிற்கும், அதனால் நைலானா பாலியஸ்டரா என்ற சந்தேகத்தைச் சுடர் தீர்க்காது. 80 சதவீத ஃபார்மிக் அமிலத்தில் போடு. நைலான் கரையும், பாலியஸ்டர் அப்படியே இருக்கும். பருத்தி கலந்த துணியில் எது எவ்வளவு என்று கணக்கிட 75 சதவீதக் கந்தக அமிலத்தில் 50 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் பருத்தி கரைந்துபோகும், மிஞ்சுவதைக் கழுவி உலர்த்தி எடை போட வேண்டியதுதான். சுடர்ச் சோதனையின்போது இடுக்கியை மறக்காதே. உருகிய சொட்டு தோலில் ஒட்டினால் உதறினாலும் போகாது.

இப்போது சாயத்துக்கு வருகிறேன். சிக்கலெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் இழையோடு வேதிப் பிணைப்பு கொள்ளும். பாலியஸ்டரில் அப்படிப் பிடித்துக்கொள்ள இடமே கிடையாது. அதற்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயம் தண்ணீரில் கரையாத நுண்துகள். அழுத்தம் ஏற்றிய மிஷினில் 130 டிகிரி வரை சூடாக்கி, இழை இளகிய நேரத்தில் உள்ளே நுழைய வைக்கிறோம். ஆறியதும் இழை இறுகிக்கொள்ள, சாயம் உள்ளே மாட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான் அதன் பிடிப்பு. இழையை மறுபடி சூடாக்கினால் வந்த வழியே அது வெளியே கிளம்பும். சாயம் போட்டு முடிந்ததும் மேற்பரப்பில் தங்கிய துகள்களை ஹைட்ரோஸும் காஸ்டிக்கும் போட்டு 70–80 டிகிரியில் கழுவி எடுப்பார்கள். ரிடக்‌ஷன் கிளியரிங் என்று சாயப்பட்டறையில் கேட்டிருப்பாய். நேரமும் மருந்தும் மிச்சமாகும் என்று கைவைக்கப்படும் முதல் வேலை அதுதான். ஆழ்ந்த கறுப்பு, நேவி, மெரூன் ஷேடுகளில் அதைக் குறைத்தால் உன் சோதனையில் உடனே தெரிந்துவிடும்.

அப்படிச் சுத்தமாகக் கழுவி வந்த துணியும் அடுத்து ஸ்டென்டரில் ஏறுகிறது. அகலமும் அளவும் நிலைக்க 180 டிகிரியை ஒட்டிய சூடு. கைக்கு மென்மையாக இருக்க சாஃப்ட்னரும் சேரும். அந்தச் சூட்டில் உள்ளே இருந்த சாயத்தில் ஒரு பங்கு மேலே ஏறி வந்து, அங்கிருக்கும் சாஃப்ட்னர் படலத்தில் தங்கிக்கொள்ளும். சாயப்பட்டறையில் இருந்து நேராக வெட்டி எடுத்த மாதிரி 4–5 தரம் காட்டும். அதே ரோல் ஸ்டென்டர் ஏறி இறங்கிய பிறகு 3 காட்டும். இரண்டு ரிப்போர்ட்டும் உண்மைதான். ஆனால் கடைக்குப் போவது இரண்டாவது துணி. அதனால் கடைசி ஃபினிஷிங் முடிந்த பிறகு எடுத்த மாதிரியில் மட்டும் சாய உறுதியைத் தீர்மானி. முந்தைய மாதிரிகள் தவறு எங்கே நேர்ந்தது என்று தேட உதவும், தேர்ச்சி கொடுக்க உதவாது. தேய்ப்புச் சோதனையில் 9 நியூட்டன் அழுத்தத்தில் வெள்ளைப் பருத்தித் துணி பத்து முறை போய்வருவதற்குள் மேலே வந்த சாயம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சலவைச் சோதனைக்கு வெள்ளைப் பருத்தித் துணியை மட்டும் சேர்த்துத் தைத்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டிஸ்பர்ஸ் சாயத்துக்குப் பருத்தியிடம் நாட்டமே இல்லை. துணியில் இருந்து எவ்வளவு சாயம் கழன்றாலும் பருத்தி கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கும். ஆறு இழைப் பட்டைகள் கொண்ட மல்டிஃபைபர் துணியைத் தைத்து, அசிடேட், நைலான் பட்டைகளைப் பார். டிஸ்பர்ஸ் சாயங்கள் 1920களில் உருவானதே அசிடேட்டுக்குச் சாயம் போட வழியில்லாமல் தவித்தபோதுதான். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியஸ்டர் இழையைக் கண்டபின் அதே சாயங்கள் இதற்கும் பொருந்தின. அதனால் கழன்ற சாயம் முதலில் தேடிப்போவது அசிடேட்டையும் நைலானையும். அதே துணியில் உள்ள பாலியஸ்டர் பட்டை 60 டிகிரித் தண்ணீரில் இறுக மூடியிருப்பதால் அதிகம் கறைபடாது. அது வெளுப்பாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதே.

உங்கள் லேபில் அடிக்கடி வரப்போகும் புகார் ஒன்றைச் சொல்கிறேன். சிவப்பு ஜெர்சியில் வெள்ளை எண் பிரிண்ட் போடுவார்கள். பிரிண்ட் போட்ட அன்று பால் வெள்ளை. பெட்டியில் அடைத்துக் கப்பலேறிப் பிரித்துப் பார்த்தால் இளஞ்சிவப்பு. பிளாஸ்டிசால் மை பதிவதற்குக் கொடுக்கும் 160 டிகிரிச் சூட்டில் சிவப்புச் சாயம் ஆவியாகி மைக்குள் ஏறத் தொடங்குகிறது. அடுக்கி வைத்த பெட்டிக்குள் அது மெல்லத் தொடர்கிறது. இதைச் சலவைச் சோதனை காட்டாது. உலர் சூட்டுச் சோதனை காட்டும்: 150, 180, 210 டிகிரிகளில் 30 வினாடி வெள்ளைத் துணியோடு வைத்து அழுத்தி, எவ்வளவு சாயம் தாவியது என்று பார்ப்பது. சிறிய மூலக்கூறு கொண்ட சாயம் சீராகவும் வேகமாகவும் ஏறும், அதே வேகத்தில் பறக்கும். பெரிய மூலக்கூறு ஏறுவதற்குச் சண்டித்தனம் செய்யும், ஏறிவிட்டால் இருக்கும். 150 டிகிரியிலேயே உன் வெள்ளைத் துணி சிவந்தால், பிரிண்டிங்காரர் என்ன மை வாங்கினாலும் பெரிய பயன் இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிடலாம். குறைந்த சூட்டில் பதியும் மையும், அடியில் கரி கலந்த சாம்பல் நிறப் பூச்சும் ஓரளவு தடுக்கும். சரியான சாயத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முழுத் தீர்வு.

சாயம் கழல்வது வெறும் அழகுப் பிரச்சினை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. டிஸ்பர்ஸ் புளூ 106, 124 போன்ற சில சாயங்கள் தோலில் கடும் ஒவ்வாமையைக் கிளப்பக் கூடியவை என்று தோல் மருத்துவர்கள் அறிவார்கள். இழைக்குள் இறுகாத சாயம் வியர்வையோடு கலந்து தோலுக்குப் போகிறது. விளையாட்டு உடை நாள் முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடக்கும் உடை. அமில, கார வியர்வைக் கரைசல்களில் ஊறவைத்து 37 டிகிரியில் நான்கு மணி நேரம் வைக்கும் சோதனையைச் சடங்காகச் செய்யாமல், அதை உடுத்தப்போகும் பிள்ளையை நினைத்துச் செய்.

வலிமைச் சோதனையில் அதிகம் நேரம் போகாது. பின்னல் துணிக்குப் பாவு, ஊடை இல்லாததால் இழுத்து அறுக்காமல் ஊதி வெடிக்க வைத்துப் பார்ப்பார்கள். பாலியஸ்டர் பெரும்பாலும் சுலபமாகத் தேறிவிடும். தொல்லை என்னவென்றால், அந்த வலிமையே வேறு இடத்தில் குறையாக வந்து நிற்கும். துணி தேயும்போது மேலே வரும் நுனிகள் சுருண்டு உருண்டைகளாகின்றன. பருத்தியில் அந்த உருண்டையைப் பிடித்திருக்கும் இழை சீக்கிரம் அறுந்து உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் இழை அறாது, உருண்டையும் விழாது. மார்ட்டின்டேல் மிஷினில் 125, 500, 1000, 2000, 5000, 7000 சுற்றுகளில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொல்லியிருப்பதன் காரணம் இதுதான். பருத்தியில் உருண்டைகள் ஏறி இறங்கும், பாலியஸ்டர் வெட்டிழையில் ஏறி நின்றுவிடும். கடைசிச் சுற்றை மட்டும் பார்த்தால் நடுவில் நடந்தது தெரியாமல் போகும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த நூலில் இது இன்னும் மோசம், ஏனென்றால் பருத்தித் தூசையும் சேர்த்துப் பாலியஸ்டர் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆனால் உங்களுக்கு வருவது பெரும்பாலும் முடிவில்லா இழையான ஃபிலமென்ட் நூலில் பின்னிய துணி. அதில் நுனியே இல்லாததால் உருண்டை குறைவு; பதிலுக்கு, நகமோ வெல்க்ரோ பட்டையோ பட்டால் கண்ணி இழுபட்டு வளையமாக வெளியே தொங்கும். முள் பதித்த உருண்டை துணிமேல் குதித்துக் குதித்து ஓடும் ஸ்நாகிங் சோதனை அதற்காகத்தான். உருண்டைச் சோதனையில் 5 வாங்கிய ஃபிலமென்ட் துணியை இந்தச் சோதனை செய்யாமல் விட்டால் பாதி உண்மைதான் எழுதியதாகும்.

சுருக்கத்தையும் நம் ஊர்க் கணக்கில் பார்க்காதே. தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் பாலியஸ்டர் ஒன்றும் ஆகாமல் வரும். ஸ்டென்டரில் சூடு போதாமல் வந்த துணி இஸ்திரிப்பெட்டியிலும் சூடான டிரையரிலும்தான் சுருங்கும். வாங்குபவர் எந்த முறையில் உலர்த்தச் சொல்லியிருக்கிறாரோ அதே முறையில் உலர்த்து. லைக்ரா கலந்த துணியில் சூடு குறைந்தால் ஓரம் சுருளும், கூடினால் லைக்ரா சோர்ந்து, இழுத்தால் பழைய நீளத்துக்குத் திரும்பாது; அதனால் அங்கே நீட்சியைவிட மீட்சியைக் கவனி.

‘வியர்வையை உடனே உறிஞ்சும்’ என்ற சீட்டோடு வரும் துணிகள் உண்டு. பாலியஸ்டர் தானாக உறிஞ்சாது. இழையின் குறுக்குவெட்டு வடிவத்தாலோ, மேலே பூசிய மருந்தாலோதான் நீர் பரவுகிறது. வடிவத்தால் வந்தது நிலைக்கும். பூச்சால் வந்தது சலவையில் குறையும். புதுத் துணியில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்த்துத் தேர்ச்சி எழுதுவதை நான் நேர்மையான சோதனையாக நினைக்கவில்லை. பல சலவைகளுக்குப் பிறகும் அதே சொட்டை விட்டுப் பார்த்து, இரண்டு நேரத்தையும் ரிப்போர்ட்டில் எழுது.

கிரே ஸ்கேலில் தரம் பார்க்கும்போது இன்னொருவரையும் பார்க்கச் சொல்லி, பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக எழுதிவைத்த பிறகு ஒப்பிடுங்கள். 3 வந்ததை 3–4 ஆக்கித் தரச் சொல்லி மெர்ச்சண்டைசர் வந்து நிற்பார். ஷிப்மென்ட் தேதி அவர் தலையில் இருக்கிறது, அவர்மேல் கோபப்பட வேண்டாம். எண்ணை மட்டும் மாற்றாதே. அவருக்கு வேறு விதத்தில் நீ உதவலாம். ரோலாக இருக்கும்வரை துணியை மறுபடி ரிடக்‌ஷன் கிளியரிங் கொடுத்து, ஸ்டென்டர் சூட்டைக் குறைத்து, சாஃப்ட்னரை மாற்றி மீட்க வழி உண்டு. கட்டிங் டேபிளில் ஏறிவிட்டால் வழி இல்லை. ஆகவே தரம் குறைவாக வந்தால் ரிப்போர்ட் டைப் ஆகிக் கையெழுத்தாகும்வரை காத்திருக்காமல், எந்தப் பட்டையில் எவ்வளவு கறை என்று சாயப்பட்டறை மாஸ்டருக்கு அப்போதே போன் செய்துவிடு. இரவு ஷிஃப்டில் மிஷின் காலியாக இருந்தால் விடிவதற்குள் ஏற்றி இறக்கிவிடுவார்.

அன்புடன்,
சித்தி