நூறு சதவீதம் ஓடட்டும், காத்திருப்பது யார்?

மெயின்ஃபிரேம் 95 சதவீதத்தில் ஓடுகிறது என்றால் இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் பதறிப்போகிறார்கள். சாதாரண சர்வரில் 70ஐத் தாண்டினாலே அலாரம் அடிக்கும்படி வைத்துப் பழகியவர்கள் அவர்கள். இந்தப் பெட்டியோ நாள் முழுக்க அப்படி ஓடுவதற்கென்றே செய்தது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிவிட்டுப் பாதியைக் காலியாக வைத்திருந்தால்தான் கணக்கு கேட்பார்கள். இசட்/விஎம் மேல் லினக்ஸ் கெஸ்ட்டுகளை ஓட்டும் தளங்களில் வேலை பார்த்து எனக்குப் படிந்த பழக்கம் ஒன்று உண்டு. எத்தனை சதவீதம் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்; யார் எதற்காகக் காத்துக் கிடக்கிறார்கள் என்பதை முதலில் பார்ப்பேன்.

ஒரு வங்கியில் நடந்ததைச் சொல்கிறேன். லினக்ஸுக்கென்றே ஒதுக்கிய ஐஎஃப்எல் பிராசஸர்கள் 10. அவற்றை இரண்டு எல்பார்கள் பகிர்ந்துகொண்டன. உற்பத்திக்கு வெயிட் 60, சோதனைக்கு 40. அதாவது நெருக்கடி வந்தால் உற்பத்திக்கு உறுதியாகக் கிடைப்பது 6. ஆனால் சோதனை எல்பார் பெரும்பாலும் தூங்கியதால் உற்பத்தி தினமும் 8 வரை எடுத்துக்கொண்டது. யாருக்கும் குறையில்லை. மாதக் கடைசியில் சோதனைக் குழு லோட் டெஸ்ட் ஒன்றை ஓட்டியது. உற்பத்தி அப்ளிகேஷன்கள் தவழ ஆரம்பித்தன. வரைபடத்தைப் பார்த்தால் உற்பத்தியின் சிபியு பயன்பாடு 8லிருந்து 6க்கு இறங்கியிருந்தது. “லோடு குறைஞ்சிருக்கே சார், அப்ப சிபியு பிரச்சினை இல்லை” என்றார் மேலாளர். வரைபடத்தை மட்டும் பார்க்கிறவர் வேறென்ன சொல்வார்? பெர்ஃபார்மன்ஸ் டூல்கிட்டில் பிராசஸர் பதிவுத் திரையைத் திறந்து சஸ்பெண்ட் சதவீதத்தைக் காட்டிய பிறகுதான் கதை புரிந்தது. ஓடத் தயாராக இருந்த பிராசஸரை ஹைப்பர்வைசர் நிறுத்தி வைத்திருந்த நேரம் அது. லினக்ஸுக்குள் டாப் கமாண்டில் ‘எஸ்டி’ என்று வரும் எண்ணும் கூடவே ஏறியிருந்தது.

அன்று முதல் எங்கள் கொள்ளளவு அறிக்கையில் இரண்டு கோடுகள்: உரிமையாகக் கிடைப்பது, உண்மையில் எடுத்துக்கொள்வது. இரண்டாவது கோடு முதலாவதுக்கு மேலே போகும் ஒவ்வொரு மணி நேரமும் நாம் அண்டை வீட்டுக் கிணற்றில் இறைத்துக்கொண்டிருக்கிறோம். இறைக்கலாம், தப்பில்லை. அதை நம்பிப் புது அப்ளிகேஷனுக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது.

அடுத்தது, விர்ச்சுவல் சிபியு. மெதுவாக இருக்கிறது என்றால் உடனே இன்னும் இரண்டு கேட்பார்கள். ஒரு கெஸ்ட்டுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ரிலேட்டிவ் ஷேர் 100. அது அந்தக் கெஸ்ட்டின் சிபியுக்களுக்கிடையே பங்காகும். ஒன்றாக இருந்தபோது 100 என்றால், நான்காக்கினால் தலைக்கு 25. ஷேரை உயர்த்தாமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால், நெருக்கடி நேரத்தில் ஒவ்வொன்றும் முன்னைவிட அதிகமாகக் காத்திருக்கும்.

மெமரிதான் ஓயாத சண்டை. “சார், 16 ஜிபியும் ஃபுல், 32 ஆக்கிக் கொடுங்க” என்பார் டேட்டாபேஸ்காரர். ஃப்ரீ கமாண்டின் வெளியீட்டையும் அனுப்பிவிடுவார். லினக்ஸுக்கு எவ்வளவு கொடுத்தாலும் மிச்சத்தைக் கோப்புகளின் கேஷாக நிரப்பிக்கொள்ளும். அதன் சுபாவம் அது. தனி சர்வரில் அது நல்ல குணம். நூறு கெஸ்ட்டுகள் ஒரே மெமரியைப் பகிரும் இடத்தில், எல்லோரும் ஒரே தரவைத் தனித்தனியாகப் பதுக்கிவைத்தால் பேஜிங்தான் மிஞ்சும். ஆகவே நான் பார்ப்பது ‘அவெய்லபிள்’ எண்ணை. கெஸ்ட்டின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, உச்ச நேரத்தில் விடிஸ்க்கில் லேசாக ஸ்வாப் ஆகத் தொடங்கும் இடத்தில் நிறுத்துவது பழைய வழி. இன்றும் அது பலிக்கிறது. ஜாவா கெஸ்ட்டுகளில் மட்டும் கைவைக்க யோசிப்பேன். இரவில் ஆளில்லாதபோது அப்படிப்பட்ட கெஸ்ட்டின் ஹீப் வெளியே போய்விடும். காலையில் முதல் கார்பேஜ் கலெக்ஷன் அத்தனை பக்கங்களையும் தொட்டு இழுக்கும்போது, அந்தக் கெஸ்ட்டோடு அக்கம்பக்கத்துக் கெஸ்ட்டுகளும் மூச்சுத் திணறும்.

கண்காணிப்பு மென்பொருளே சுமையாவதும் உண்டு. கெஸ்ட்டுக்கு ஒரு ஏஜென்ட், ஒவ்வொன்றும் சில நொடிக்கொருமுறை விழித்து எண்ணிக்கை எடுக்கிறது என்றால், சும்மா இருக்கும் கெஸ்ட்கூடத் தூங்காது. தூங்காத கெஸ்ட்டிடமிருந்து மெமரியைத் திரும்பப் பெறுவதும் கடினம். இசட்/விஎம்மின் மானிட்டர் வசதி எல்லாக் கெஸ்ட்டுகளின் கணக்கையும் வெளியிலிருந்தே தந்துவிடுகிறது. எதற்கு வீட்டுக்கு வீடு காவலாளி?

அந்த மானிட்டர் தரவை மான்ரைட் மூலம் ஒரு நிமிட இடைவெளியில் அப்படியே எழுதிச் சேமித்து வையுங்கள். இண்டிகேட் லோட் அந்த நேரத்துக்கு நாடி பார்க்க உதவும். ஆனால் அது காட்டுவது மழுப்பிய சராசரி. இரண்டு நிமிட முட்டலை அதில் தேட முடியாது. பதினைந்து நிமிடச் சராசரியும் அப்படித்தான். கெஸ்ட்டுகள் பெருகும்போது மானிட்டர் தரவு விழும் நினைவகப் பகுதியின் அளவையும் உயர்த்த வேண்டும். அது போதாமல் போனால் தேவையான நாளின் பதிவில்தான் ஓட்டை விழுந்திருக்கும்.

கடைசியாக, பேஜிங் வால்யூம்கள். சிபியு பற்றாக்குறை எல்லோரையும் மெதுவாக்கும். பேஜிங் இடம் தீர்ந்தாலோ கணினியே விழும். முதலில் ஸ்பூல் இடத்தில் வழியும், அதுவும் நிரம்பினால் பிஜிடி004 அபெண்ட், எல்லாக் கெஸ்ட்டுகளும் ஒரே நேரத்தில் காலி. இசட்/விஎம் 6.3 முதல், மெமரி மிச்சமிருக்கும்போதே பக்கங்களை முன்கூட்டி டிஸ்க்கில் எழுதி வைக்கும் வழக்கம் வந்துவிட்டது. அதனால் பழைய கணக்கில் போட்ட இடம் பல தளங்களில் பற்றவில்லை. புதுக் கெஸ்ட் கேட்டு வரும் விண்ணப்பத்தில் நாங்கள் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: கெஸ்ட்டின் மெமரி, விடிஸ்க், இரண்டுக்கும் ஈடான பேஜிங் இடம் எந்த வால்யூமில் என்று. அந்த வரி காலியாக இருந்தால் விண்ணப்பம் திரும்பிப் போகும்.