மார்பு எக்ஸ்ரேயும் நிற்க வேண்டிய முறையும்

காசநோய் முகாமிற்கு எக்ஸ்ரே வண்டி வரும்போது, அதன் முன் ஒரு கணம் நின்று திரும்பினால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். நிற்கும் முறை தவறினால் நோய் படத்தில் தெரியாமலே போகலாம். இதன் காரணத்தை உணர, மார்புக் கூட்டின் அமைப்பை அறிதல் வேண்டும்.

கூண்டு வண்டியின் மூங்கில் வளைவுகளைப் போல, 12 ஜோடி விலா எலும்புகள் நுரையீரல்களைச் சூழ்ந்துள்ளன. யாவும் பின்னே முதுகெலும்பில் தொடங்கி, முன்னோக்கிச் சரிந்து இறங்குகின்றன. மேலுள்ள 7 ஜோடிகள் குருத்தெலும்பின் வழியே நடு மார்பெலும்பை நேராகச் சேர்கின்றன. அடுத்த 3 ஜோடிகள் தமக்கு மேலுள்ள குருத்தெலும்பைப் பற்றி நிற்கின்றன. கடைசி 2 ஜோடிகளின் முன்முனைகளுக்குப் பிடிப்பே இல்லை.

இக்கூட்டின் மேற்பகுதிக்குப் பின்னால் தோள்பட்டை எலும்புகள் படிந்துள்ளன. பெரியவர்களுக்கு வரும் காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியையே பற்றுகிறது. எக்ஸ்ரே படத்திலோ முன்னுள்ளதும் பின்னுள்ளதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகவும் எலும்பு வெண்மையாகவும் தெரியும். தோள்பட்டையின் வெண்ணிழல் குறுக்கே விழுந்தால், அதனடியில் உள்ள சிறு புண்ணை மருத்துவர் எவ்வாறு காண்பார்?

ஆதலால்தான் மார்பைத் தட்டின்மீது ஒட்டவைத்து, மோவாயை உயர்த்தி, புறங்கைகளை இடுப்பில் ஊன்றி, முழங்கைகளை முன்னே தள்ளச் சொல்கிறார்கள். அப்போது தோள்பட்டைகள் பக்கவாட்டில் விலகிவிடும். கதிர்கள் வழக்கமாக 6 அடி தொலைவிலிருந்து முதுகின் வழியே பாயும். இதயம் மார்பின் முன்புறம் இருப்பதால், தட்டிற்கு அருகில் அமைந்து ஏறக்குறைய உள்ள அளவிலேயே பதிவாகும். சுவரை ஒட்டிப் பிடித்த கையின் நிழல் பெரிதாகாததைப் போன்றதே இது. படுக்கையில் கிடப்பவருக்கு முன்புறமிருந்து படம் எடுக்க நேரும். அதில் இதயம் சற்றுப் பெரிதாகத் தோன்றும்.

பின்னர் மூச்சை நன்றாக இழுத்து அடக்க வேண்டும். உதரவிதானம் தாழ்ந்து நுரையீரல் விரியும். நன்கு மூச்சிழுத்த படத்தில், உதரவிதானத்திற்கு மேல் விலா எலும்புகளின் பின்பகுதிகளில் ஒன்பது அல்லது பத்தை எண்ணலாம். அரைமூச்சில் எடுத்த படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி வெண்மையாகி, இல்லாத நோய் இருப்பதுபோல் மயக்கும்.

சங்கிலி, தாயத்து, உலோகக் கொக்கி ஆகியவை நிழல் தரும் என்பதைப் பலர் அறிவர். தடித்த பின்னலும் நிழல் தரும் என்பதை அறிந்தோர் சிலரே; கூந்தலைத் தூக்கி முடிந்துகொள்க. தாலியைக் கழற்ற மனமில்லாதவர், அதை மார்பினின்று மேலே ஒதுக்கிக்கொள்ளும் வழியைப் பணியாளரிடம் கேட்கலாம். கருவுற்றிருப்போர் அதனை முதலிலேயே கூறிவிட வேண்டும்.

காசநோயற்ற பஞ்சாயத்துத் திட்டம் 2023 மார்ச் 24 அன்று தொடங்கப்பட்டது. இதில் பங்குகொள்ளும் உறுப்பினர்கள் கூட்டம் சேர்ப்பதோடு நின்றுவிடலாகாது. பெண்கள் உடைமாற்ற மறைவிடமும், உதவிக்கு ஒரு பெண்ணும் ஏற்பாடு செய்தல் வேண்டும். படத்தில் நிழல் கண்டவரைக் காசநோயாளி என்று ஊரார் பேசவும் இடந்தரலாகாது. சளிப் பரிசோதனையின் முடிவு வரும்வரை அது ஐயம் மட்டுமே.