பத்துப் பேர் நடுவில் வரும் பதில்

கேள்வி: கானிங் லோக்கல் ரயிலில் வந்து பாலிகஞ்ச் பக்கம் வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். எட்டுப் பத்துப் பேரை ஒன்றாக உட்காரவைத்துப் பேசினால் போதுமா?
– ஆய்வு மாணவி, கொல்கத்தா

பதில்: போதாது. ஆனால் அதைத் தவிர்த்துவிடவும் கூடாது. ஒருவர் மற்றவர் காதுபட எதைச் சொல்லத் துணிகிறார் என்பதுதான் குழு நேர்காணலில் கிடைக்கும். தனியாக இருந்தால் பெண்கள் கூச்சப்படும் சில விஷயங்கள் கூட்டத்தில்தான் வெளியே வரும். ஆய்வாளர் அனன்யா ராய் 2003இல் வெளியிட்ட 'சிட்டி ரெக்வியம், கல்கத்தா' நூலில், நீங்கள் தேடிப்போகும் இதே ரயில் பெண்கள் வருகிறார்கள். டிக்கெட் எடுக்காமல் வருவதைப் பற்றியும் வீட்டு ஆண்களைப் பற்றியும் பெட்டிக்குள் அவர்கள் வெளிப்படையாகப் பேசினார்கள். எல்லோருக்கும் அதே கதைதான் என்ற தெம்பு தனி நேர்காணலில் வராது.

சம்பளம் என்று வந்தால் நிலைமை வேறு. குறைவாக வாங்குகிறவருக்கு அதைச் சொல்ல வெட்கம். கூடுதலாக வாங்குகிறவருக்கு, பக்கத்தில் இருப்பவர் அந்த வீட்டுக்கே போய் நின்றுவிடுவாரோ என்ற பயம். மற்றவர்களுக்கு வேலை பிடித்துக்கொடுத்த அக்கா ஒரு தொகையைச் சொல்வார், மிச்சப் பேர் தலையாட்டுவார்கள். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனையில், கண்ணெதிரே தெரிந்த கோட்டின் நீளத்தைச் சொல்வதிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தின் தவறான பதிலோடு ஒத்துப்போயின. மேற்கு இந்தியாவின் பில் பழங்குடிக் கிராமங்களில் நடந்த பங்கேற்பு ஆய்வுகளை மானிடவியலாளர் டேவிட் மோஸ் 1994இல் அலசினார். ஊர்ப் பொதுவில் நடந்த கூட்டங்களில் பெண்கள் ஒதுங்கிப்போனதையும், செல்வாக்குள்ளவர்களின் விருப்பமே ஊரின் கருத்தாகப் பதிவானதையும் அவர் காட்டினார்.

தனியாகக் கேட்டாலும் பொய் வராதா என்று கேட்கலாம். வரும், முதலாளி வீட்டு வராந்தாவில் வைத்துக் கேட்டால் நிச்சயம் வரும். ஆனால் அந்தப் பொய்யை இடத்தையும் நேரத்தையும் மாற்றிச் சரிபார்க்க வழியுண்டு. நேரமும் பணமும் இல்லை என்பது நியாயமான கஷ்டம்தான். அதற்காகக் குழுவில் கேட்டதை வைத்து 'இத்தனை சதவீதம் பேர்' என்று எழுதிவிடக் கூடாது. குழு நேர்காணல் முறைக்கு அடித்தளம் போட்ட சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனே, குழுப் பேச்சு புதிய ஊகங்களைத் தரும், எத்தனை பேருக்கு அது பொருந்தும் என்பதை நிறுவாது என்று 1987இல் எழுதினார்.

ஆகவே முதலில் குழுவாகப் பேசுங்கள். வேலை பிடித்துக்கொடுப்பவரை அதில் சேர்க்காதீர்கள். சம்பளம், முன்பணம், வீட்டில் வாங்கும் அடி ஆகியவற்றைத் தனியே கேளுங்கள். குழுவில் வாயே திறக்காதவர் யார் என்று குறித்துவைத்து, அவரை முதலில் போய்ப் பாருங்கள்.