மாணவர் கையில் ஒரு பத்திரிகை

பத்திரிகை என்றதும் பெரிய அச்சகங்களும் சம்பளம் பெறும் செய்தியாளர்களுமே நமது நினைவுக்கு வருகின்றன. ஆனால் பாடம் படித்துக்கொண்டே பத்திரிகையும் நடத்தும் மாணவர்கள் உலகின் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய எழுத்து ஒரு நாட்டின் சட்டம் மாறவும் காரணமாகியிருக்கிறது. அதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகையான ‘தி ஸ்டான்போர்ட் டெய்லி’.

தோற்றமும் வளர்ச்சியும்

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 1891இல் திறக்கப்பட்டது. ஆண்களும் பெண்களும் முதல் நாளிலிருந்தே அங்கு சேர்ந்து கற்றனர். அடுத்த ஆண்டே, 1892இல், ‘டெய்லி பாலோ ஆல்டோ’ என்ற பெயரில் மாணவர்கள் இப்பத்திரிகையைத் தொடங்கினர். 1926இல் அது இன்றைய பெயரைப் பெற்றது.

1973ஆம் ஆண்டு இதன் வரலாற்றில் முக்கியமானது. அவ்வாண்டு இப்பத்திரிகை பல்கலைக்கழக நிருவாகத்திலிருந்து பிரிந்து, இலாப நோக்கற்ற தனி நிறுவனமாகியது. செலவுக்கு விளம்பரங்களையும் நன்கொடைகளையும் அது நம்பியிருக்கிறது. தனக்குப் பணம் தருபவரைக் கேள்வி கேட்பது எந்தப் பத்திரிகைக்கும் கடினம். இந்தப் பிரிவு எவ்வளவு பயனுடையது என்பது ஐம்பது ஆண்டுகளின் பின்னர் தெரியவந்தது. அதனைப் பின்னர் பார்ப்போம்.

வேலை நடக்கும் விதம்

செய்தி சேகரிப்போர், படம் பிடிப்போர், பிழை திருத்துவோர், பக்கம் அமைப்போர், விளம்பரம் தேடுவோர் எனப் பணிகள் பகிரப்படுகின்றன. புதிதாக வரும் மாணவர் சிறு செய்திகளில் தொடங்கிப் படிப்படியாக ஆசிரியர் குழுவுக்கு உயர்கிறார். பட்டம் பெற்றதும் அவர் விலகிச் செல்ல, அடுத்த அணி பொறுப்பேற்கிறது. ஆகவே, தெரிந்ததை இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் மாணவர் பத்திரிகையின் அன்றாட வேலைகளில் ஒன்றாகும். அது நின்றுபோனால் பத்திரிகையும் நின்றுபோகும்.

1971: குப்பைக்கூடை வரை நடந்த சோதனை

1971 ஏப்ரலில் ஒரு போராட்டக் குழுவினர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக வைத்தியசாலையின் நிருவாக அலுவலகங்களைக் கைப்பற்றியிருந்தனர். ஏப்ரல் 9ஆந் திகதி அவர்களை அகற்ற வந்த பொலிஸார் தாக்கப்பட்டு, ஒன்பது பேர் காயமடைந்தனர். இரண்டு நாட்களின் பின்னர் டெய்லி படங்களுடன் ஒரு சிறப்பு இதழை வெளியிட்டது.

தாக்கியவர்களை அடையாளம் காட்டும் வேறு படங்களும் அங்கு இருக்கலாம் எனப் பொலிஸார் எண்ணினர். மறுநாள் நீதிமன்றத் தேடுதல் ஆணையுடன் பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழைந்து, மேசைகள், கோப்புப் பெட்டிகள், படம் கழுவும் அறை, குப்பைக்கூடைகள் என்று தேடினர். ஏற்கெனவே வெளியான படங்களைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை.

பத்திரிகை மீது எந்தக் குற்றச்சாட்டும் இருக்கவில்லை. அப்படியிருக்க அதன் அலுவலகத்தைச் சோதனையிடலாமா? இரகசியமாகத் தகவல் தந்தவர்களின் பெயர்களும் அங்கு இருக்குமல்லவா? இக்கேள்விகளுடன் மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றங்கள் இரண்டிலும் அவர்களே வென்றனர். ஆனால் 1978இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், ஐந்துக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

விடயம் அத்துடன் முடியவில்லை. தீர்ப்பைக் கண்டு நாடெங்குமுள்ள பத்திரிகைகள் கவலையடைந்தன. 1980இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. செய்தியாளரிடமுள்ள ஆவணம் தேவையெனில், சில விதிவிலக்குகள் தவிர, சோதனையிடாமல் அழைப்பாணை மூலமே அதைக் கேட்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். வழக்கில் தோற்ற மாணவர்கள் கேட்ட பாதுகாப்பு, இவ்வாறு எல்லாச் செய்தியாளருக்கும் கிடைத்தது.

2022: முதலாம் ஆண்டு மாணவரின் கேள்வி

2022 நவம்பரில் தியோ பேக்கர் என்ற முதலாம் ஆண்டு மாணவர் டெய்லியில் ஒரு செய்தி எழுதினார். பல்கலைக்கழகத் தலைவரும் மூளை நரம்பியல் விஞ்ஞானியுமான மார்க் டெஸியே-லவீன் பங்கெடுத்த ஆய்வுக்கட்டுரைகளில் உள்ள சில படங்கள் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதே செய்தி. படங்களை ஆராயும் வல்லுநர்களின் கருத்தைக் கேட்ட பின்னரே அவர் அதை எழுதியிருந்தார்.

பல்கலைக்கழகம் விசாரணை நடத்தியது. 2023 ஜூலையில் அறிக்கை வெளிவந்தது. தலைவர் தாமே தரவுகளைத் திரித்தார் என்பதற்குச் சான்றில்லை; ஆனால் அவரது ஆய்வுகூடங்களில் பிறரால் தவறுகள் நேர்ந்துள்ளன; தெரியவந்த பிழைகளைத் திருத்த அவர் போதிய முயற்சி எடுக்கவில்லை என்று அது கூறியது. அவர் பதவி விலகுவதாக அறிவித்தார். பேக்கருக்கு ஜோர்ஜ் போல்க் என்ற உயரிய பத்திரிகைத்துறை விருது கிடைத்தது. அவ்விருதை இதுவரை பெற்றவர்களுள் அவரே வயதில் மிக இளையவர்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2009இல் வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரை பற்றி டெய்லி வெளியிட்ட மோசடிக் குற்றச்சாட்டு தவறாகவே தோன்றுகிறது என அதே அறிக்கை குறிப்பிட்டது. துணிவு மட்டும் போதாது. ஒவ்வொரு கூற்றும் தனித்தனியே சரிபார்க்கப்பட வேண்டும். ஒரு செய்தி உண்மையாக இருப்பதால் அடுத்ததும் உண்மையாகிவிடாது.

நமக்கான பாடம்

அன்பு மாணவிகளே! நமது வகுப்பறைச் சுவர்ப் பத்திரிகையும் கையெழுத்துச் சஞ்சிகையும் இதே வேலையின் முதற்படிகளே. கேட்டதை உடனே எழுதாமல், “இதை யார் சொன்னார்? அவர் நேரில் கண்டாரா? மற்றத் தரப்பினர் என்ன சொல்கிறார்கள்?” என்று மூன்று கேள்விகள் கேட்டுப் பழகுங்கள். பெயரையும் திகதியையும் இருமுறை பாருங்கள். பிழை நேர்ந்தால் அடுத்த இதழிலேயே திருத்துங்கள்.

பெற்றோரே! பத்திரிகை வேலையால் பிள்ளையின் படிப்புக் கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். விசாரித்து அறிவதும், தெளிவாக எழுதுவதும், எழுதியதற்குப் பொறுப்பேற்பதும் கல்வியின் பகுதிகளே. கைத்தொலைபேசியில் வரும் ஒவ்வொரு வதந்தியும் நொடியில் ஊரைச் சுற்றும் இக்காலத்தில், அனுப்புவதற்கு முன் ஆராயும் ஒரு மகள் வீட்டுக்கும் ஊருக்கும் பெரும் பாதுகாப்பு.